முருகைத் தொட்டியும் தட்டைப் புழுவும்

கடலின் ஒரு துளியையாவது வீட்டிற் கொணர்ந்து வைத்துக் கண்குளிரக் காணவேண்டும் என்னும் ஆசை மனிதனுக்குப் புதியதன்று. 1853ஆம் ஆண்டில் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே பொதுமக்கள் பார்வைக்கென மீன் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பின்னர் கண்ணாடித் தொட்டியிற் கடல்வாழ் உயிர்களை வளர்க்கும் வழக்கம் ஐரோப்பிய வீடுகளிலும் பரவிற்று. ஆயினும், மீன் வாழ்ந்த தொட்டியிலே முருகை வாழவில்லை. வெண்கல்லாய் எஞ்சிய அதன் எலும்புக்கூட்டைத்தான் நெடுங்காலம் அழகுக்காகத் தொட்டிகளில் வைத்து வந்தனர்.

முருகையை உயிரோடு வளர்க்கலாம் என்பதை உலகறியக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜகார்த்தா நகரில் வாழ்ந்த லீ சின் எங் என்பார். கடலடியிலிருந்து உயிர்களோடு கூடிய கற்களை எடுத்துத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளால் நீரை அசையச் செய்து, முருகைகளைத் தாம் வளர்த்த முறையை அவர் 1961ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். பின்னர் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அம்முறையை வளர்த்தனர். கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் கருவியையும் வலிய விளக்குகளையும் அதனோடு சேர்த்தனர். இன்று உலகின் பல நாடுகளிலும் வீட்டுத் தொட்டிகளில் முருகைகள் கிளைவிட்டு வளர்கின்றன.

இம்முறைக்கு உயிர்நிலையாய் அமைந்தது அந்தக் கல். நீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதன் துளைகளில் வாழ்கின்றன. ஆனால் அதே துளைகளில், அழையா விருந்தாளிகளும் ஒளிந்து வருகின்றனர். அவ்விருந்தாளிகளுள் வளர்ப்போருக்கு மிகுந்த இடர் விளைப்பவை தட்டைப் புழுக்கள். அவற்றை அறிவது எப்படி, அடக்குவது எப்படி, அடக்கப் புகுந்தவர் தம் தொட்டியைத் தாமே அழித்துவிடாமற் காப்பது எப்படி என்பனவே இப்பேச்சின் பொருள்.

தட்டைப் புழு என்ற பெயரே முதலில் ஆராய்தற்குரியது. தொட்டி வளர்ப்போர் இப்பெயரால் அழைப்பன எல்லாம் ஓரினத்தைச் சேர்ந்தவையல்ல. அவற்றுள் மூன்று வகைகளை வேறுபடுத்தி அறிந்துகொள்வது இன்றியமையாதது.

முதலாவது, செந்நிறப் புழு. இரும்புத் துருவின் நிறமும் சில மில்லிமீற்றர் நீளமும் உடையது. இலைத்துணுக்குப் போன்ற அதன் உடலின் பின்முனை மூன்று சிறு வால்களாகப் பிரிந்திருக்கும். இதனாலேயே அறிஞர் இதற்கு மூன்று மடல் என்னும் பொருள் தொனிக்கக் கொன்வொலூற்றிரிலோபா எனப் பெயரிட்டனர். இக்குலத்தின் ஓரினமாகிய ரெற்றோஜெம்மா என்பதை 1988ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் விவரித்தபோது, ஆழ்கடலிலே தேடி அதனைக் கண்டாரல்லர். வளர்ப்புத் தொட்டியிலேயே கண்டனர். மனிதன் அமைத்த சிறு கடலே இப்புழுவுக்கு உகந்த நாடாயிற்று என்பதை இது காட்டுகின்றது.

இரண்டாவது, கபில நிறப் புழு. வமினோவா என்னும் குலத்தைச் சேர்ந்த இது வட்டமான சிறு தகடு போன்றது; முருகையின் மேனியிலேயே ஒட்டி வாழ்வது. 1990ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கடலிலிருந்து இதன் ஓரினம் விவரிக்கப்பட்டது. இப்புழுக்கள் முருகையின் சதையைக் கடித்துண்பதில்லை. முருகை தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் வழுவழுப்பான பசையை உண்கின்றன. முருகை பிடிக்கவேண்டிய நுண்ணிரையையும் தட்டிப் பறிக்கின்றன. போர்வைபோற் பரவி முருகைக்கு உரிய ஒளியையும் மறைக்கின்றன.

மூன்றாவதே மிகக் கொடியது. மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்குரோப்போரா முருகையை மட்டும் தேடி அதன் சதையைத் தின்னும் புழு இது. தொட்டி வளர்ப்போர் பல்லாண்டுகளாக இதனை அறிந்து அஞ்சியிருந்தனர். எனினும், 2011ஆம் ஆண்டிலேதான் விஞ்ஞானிகள் இதனை முறையாக விவரித்து அமக்குசாப்பிளானா அக்குரோப்போரே எனப் பெயரிட்டனர். மறு ஆண்டு, 2012இல், ஆஸ்திரேலியப் பெருந்தடைப் பாரிலுள்ள லிசார்ட் தீவின் அருகே இயற்கைக் கடலில் இது வாழ்வது முதன்முறையாக அறிவிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் இது புரொஸ்தியோஸ்தோமம் என்னும் குலத்திற்கு மாற்றப்பட்டுள்ளது. வீட்டுத் தொட்டி முதலிற் கண்ட பகையைக் கடலாராய்ச்சி பின்னர் கண்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இம்மூன்றினுள் முதலிரண்டும் உண்மையான தட்டைப் புழுக்களல்ல எனின் பலர் வியப்புறுவர். அவற்றுக்கு உணவுக்குழலே கிடையாது. வாய்வழிச் செல்லும் இரை உடலின் நடுவேயுள்ள மென்மையான இழையத்திற் புதைந்து செரிக்கின்றது. முற்காலத்தில் இவற்றையும் தட்டைப் புழுக் கணத்தோடு சேர்த்தே எண்ணினர். 1999ஆம் ஆண்டில் வெளியான மூலக்கூற்று ஆய்வு, இவை அக்கணத்திலிருந்து வேறான, மிகத் தொன்மையான ஒரு கிளை என்று காட்டிற்று. முருகை தின்னும் மூன்றாம் புழுவோ உண்மைத் தட்டைப் புழு. அதற்குப் பல கிளைகளாய் விரியும் குடல் உண்டு. உருவத்தால் ஒத்திருப்பன உறவால் நெடுந்தூரம் விலகி நிற்கின்றன. ஒன்றை விரட்டும் வழி மற்றதற்குப் பயன்படாது போவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவை தவிர, தொட்டிகளிற் காணப்படும் வேறு பல சிறு புழுக்கள் தீங்கற்றவை. கண்ணாடியில் ஊரும் நிறமற்ற ஒரு சிறு புழுவைக் கண்டவுடன் மருந்துப் போத்தலைத் தேடுவது அறிவுடைமையாகாது. ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு கிழமைப் பொறுமையும் போதும். எண்ணிக்கை பெருகுகின்றதா, முருகையின் மேல் ஏறுகின்றதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

இனி, செந்நிறப் புழு எவ்வாறு இத்துணை விரைவிற் பெருகுகின்றது என்பதைக் காண்போம். இதற்குத் துணை தேவையில்லை. தாய்ப்புழுவின் பின்புறத்திலே மொட்டுகள் அரும்புகின்றன. அம்மொட்டின் தலை, தாயின் தலை நோக்கும் திசைக்கு நேர்மாறான திசையை நோக்கி வளர்கின்றது. உயிர்நூலார் வியந்து ஆராய்ந்த விந்தை இது. முதிர்ந்த மொட்டு அறுந்து தனிப் புழுவாகின்றது. இப்புழுவின் உடலுக்குள் பச்சை நுண்பாசிகளும் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அப்பாசி சமைக்கும் உணவிற் புழுவுக்கும் பங்குண்டு. போதாதற்கு, நீரிலுள்ள நுண்ணிய இறால்வகை உயிர்களையும் இது பிடித்துத் தின்கின்றது. முருகைக்கென ஏற்றிய விளக்கு புழுவுக்கும் சோறிடுகின்றது.

ஒரு கணக்கால் இதனை விளக்கலாம். ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகின்றது எனக் கொள்வோம். தொட்டியில் வந்து சேர்ந்த ஒரே புழு முப்பது நாளில் 64 ஆகும். அறுபது நாளில் 4,096 ஆகும். முதல் மாதம் எவர் கண்ணிலும் படாத பகை, இரண்டாம் மாத முடிவிற் கல்லையெல்லாம் செம்போர்வையாய் மூடிவிடுகின்றது. 'நேற்றுவரை ஒன்றும் இருக்கவில்லையே' என்று வளர்ப்பவர் திகைப்பதன் காரணம் இதுவே.

இக்கணக்கிலேயே அடக்கும் வழியும் அடங்கியிருக்கின்றது. வளர்ப்பவர் கிழமைக்கொருமுறை புழுக்களிற் பாதியை நீக்குகின்றார் என வைத்துக்கொள்வோம். எஞ்சிய பாதி ஏழு நாளில் ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். எனவே, நீக்க நீக்கப் புழு கூடிக்கொண்டே போகும்; உழைப்பெல்லாம் விழலுக்கிறைத்த நீராகும். ஆனால், ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்பது பங்கை நீக்குவாராயின், நாலாயிரமாய் இருந்தவை நான்கு கிழமையில் ஏறத்தாழ இருபதாகக் குறையும். அரைகுறை முயற்சிக்கும் முழு முயற்சிக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. தோல்விக்கும் வெற்றிக்கும் உள்ள வேறுபாடு அதுவேயாம்.

ஆகவே முதலாம் வழி, கையால் நீக்குதல். காற்றூட்டும் பம்பிக்குப் பயன்படுவது போன்ற மெல்லிய குழாயை எடுத்து, அதன் ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைத் தாழ்வாக வைத்த வாளியிலும் இட்டு, நீர் தானாக இறங்கும்படி செய்தல் வேண்டும். வாளியின் வாயில் நெருக்கமான துணிப்பையைக் கட்டினால் புழுக்கள் பையிலே தங்கும். ஒளியை நாடும் புழுக்கள் விளக்கெரியும் வேளையிற் கல்லின் மேற்புறத்திலும் மணலிலும் கூடுகின்றன. அவ்வேளையே இப்பணிக்கு உகந்தது. புழுக்களை நசுக்குதல் ஆகாது. நசுங்கும்போது அவற்றினின்று வெளிவரும் சாறு மற்றைய உயிர்களுக்குத் தீது. நீரோட்டம் மந்தமாயிருக்கும் மூலைகளிலே இவை தங்குவதால், பம்பியின் முகத்தை அவ்விடங்களை நோக்கித் திருப்புவதும் உதவும். மீன்களுக்கு அளவுக்கு மீறி இரை போடுவதைக் குறைப்பதும் நன்று.

இரண்டாம் வழி, பகைக்குப் பகையை ஏவுதல். பக்கவாட்டில் ஆறு நீளக் கோடுகள் உடைய ஒருவகைச் சிறு மீன் கல்லிடுக்குகளை ஓயாது துருவி இரை தேடுவது. வணிகர் இதனைச் சிக்ஸ்லைன் ராஸ் என்பர். இது புழுக்களை உண்பதைப் பலர் கண்டுள்ளனர். மண்டரின் எனப்படும் வண்ணமீனும் சில வேளைகளில் உண்கின்றது. எனினும், மீனுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. ஒரு மீன் ஆவலோடு தின்னும்; அதன் உடன்பிறப்பு ஏறெடுத்தும் பாராது. ஆறுகோட்டு மீன் முதிர்ந்தபின் தன்னிலும் சாதுவான மீன்களைத் துரத்துவதுமுண்டு. மண்டரினோ நுண்ணிறால்களை நம்பி வாழ்வது. அந்த நுண்ணிறால்களைப் புழுவும் தின்பதால், புழு மிகுந்த சிறு தொட்டியில் விடப்பட்ட மண்டரின் பட்டினியால் மெலிந்து மடியக்கூடும்.

கரிய பட்டில் நீலக்கோடு இழைத்தாற் போன்ற ஓடில்லாக் கடல்நத்தை ஒன்றும் உண்டு. செலிடொனூரா வேரியன்ஸ் என்பது அதன் அறிவியற் பெயர். இவ்வகைப் புழுக்களே அதன் உணவு. அதனை வாங்கி விடுவோர் விரைவிற் பயன் காண்கின்றனர். ஆனால் புழு தீர்ந்த நாளே அந்நத்தைக்கும் உணவு தீர்ந்த நாள். தேவை முடிந்தபின் புழுவுடைய வேறொருவர் தொட்டிக்கு அதனைக் கைமாற்றுவதே முறையாகும். அதற்கு வழியில்லாதவர் அதனை வாங்காதிருப்பது அறம். ஓர் உயிரை ஏவலாளாக அழைத்து, ஏவல் முடிந்ததும் பட்டினியிடுவது வளர்ப்பவனுக்கு அழகன்று.

மூன்றாம் வழி, மருந்து. இங்கேதான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன. ஆடுமாடுகளின் குடற்புழுக்களுக்கென 1966ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட லெவமிசோல் என்னும் மருந்து, புழுக்களின் நரம்பையும் தசையையும் தாக்கி அவற்றை முடக்கவல்லது. இதனையும் செந்நிறப் புழுவுக்கென்றே கடைகளில் விற்கும் வேறு மருந்துகளையும் வளர்ப்போர் பயன்படுத்துகின்றனர். மருந்து புழுவைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே வேளையில் மடியும்போது, அவற்றின் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சு நீரெங்கும் கலக்கின்றது. மருந்தைத் தாங்கிக்கொண்ட மீன்கள் அந்நஞ்சைத் தாங்கமாட்டாமல் மடிவதை வளர்ப்போர் பலர் கண்டுள்ளனர். அந்தியில் மருந்தை ஊற்றிவிட்டு உறங்கச் செல்பவர், விடியலில் மேற்பரப்பிற் பக்கஞ்சாய்ந்து மிதக்கும் மீன்களைக் காண நேர்கின்றது. பகை ஒழிந்தது, காக்க நினைத்தவையும் உடன் ஒழிந்தன.

ஆதலின், மருந்திட முனைபவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளல் வேண்டும். முதலாவதாக, பல நாட்கள் குழாயால் இழுத்துப் புழுக்களை இயன்றவரை குறைத்த பின்னரே மருந்தை எண்ணவேண்டும். கொல்லவேண்டிய புழு குறைந்தால் வெளிப்படும் நஞ்சும் குறையும். இரண்டாவதாக, நீரின் உண்மையான அளவைக் கணிக்கவேண்டும். 120 சதமமீற்றர் நீளமும் 50 சதமமீற்றர் அகலமும் உடைய தொட்டியில் 45 சதமமீற்றர் உயரத்திற்கு நீர் நிற்குமாயின் அது 270 லீற்றர். அதில் கல்லும் மணலும் 40 லீற்றர் இடத்தைப் பிடித்திருந்தால் எஞ்சுவது 230 லீற்றர். கீழேயுள்ள வடிதொட்டியில் 60 லீற்றர் இருந்தால் மொத்தம் 290 லீற்றர். குத்துமதிப்பாக மருந்திடுபவர் ஒன்றிற் புழுவைத் தப்பவிடுவர், இன்றேல் மீனை வருத்துவர்.

மூன்றாவதாக, தொட்டி நீரில் கால் பங்குக்குக் குறையாத அளவு புதிய உப்புநீரை, அதே உவர்ப்பும் அதே வெப்பமும் உடையதாக, முன்னரே கலந்து ஆயத்தமாக வைத்தல் வேண்டும். நஞ்சை உறிஞ்சவல்ல செயலூட்டிய கரியையும் கழுவி அருகில் வைத்தல் வேண்டும். நான்காவதாக, மருந்தைக் காலை வேளையில், நாள் முழுவதும் அருகிருக்கக்கூடிய ஓய்வு நாளில் இடவேண்டும். காற்றூட்டம் தடையின்றி நடைபெறவேண்டும். புழுக்கள் பிடிவிட்டு மிதக்கத் தொடங்கியவுடன் குழாயால் இழுத்து அகற்றவேண்டும். மீன்கள் மூச்சுத் திணறினாற் குறித்த நேரம் வரும்வரை காத்திராமல் உடனே கரியை இட்டு நீரை மாற்றவேண்டும். மருந்து அடைவில் எழுதப்பட்ட அளவுக்கு மேல் ஊற்றுவதற்கு நியாயம் எதுவுமில்லை. சில புழுக்கள் தப்பியிருக்கும் என்பதால், ஒரு கிழமை கழிந்தபின் நிலைமையை ஆராய்ந்து மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டியும் வரலாம்.

இதுவரை கூறியவை பெரும்பாலும் செந்நிறப் புழுவுக்குரியன. மான்கொம்பு முருகையைத் தின்னும் புழுவின் கதை வேறு. அது முருகையின் சதையை உண்டு, அச்சதையிலுள்ள நுண்பாசியின் நிறத்தைத் தன் குடலில் ஏந்திக்கொள்வதால், முருகையின் மேல் இருக்கும்போது கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. புழுவைக் காணாவிடினும் அதன் அடிச்சுவட்டைக் காணலாம். கிளைகளில் வெளிறிய சிறு வட்டப் புள்ளிகள் தோன்றும், நிறம் மங்கும், கிளையின் அடிப்புறத்திற் சதை நீங்கி வெண்கல் தெரியும். ரப்பர்க் குமிழ் பொருத்திய குழாயினால் முருகையின் மீது நீரை விசையோடு பீச்சினால், ஒளிந்திருந்த புழு பிடிவிட்டு நீரிற் சுழலக் காணலாம்.

சதை நீங்கிய அவ்வெண்கல்லிலேதான் இப்புழு முட்டையிடுகின்றது. கபில நிறச் சிறு பொட்டுகளாய் நெருங்கி ஒட்டியிருக்கும் முட்டைப் பைகள் ஒவ்வொன்றிலும் பல முட்டைகள் உள்ளன. மருந்துக் கரைசலில் முருகையைச் சிறிது நேரம் முழுக்காட்டி எடுத்தால் புழுக்கள் விழுந்துவிடும், முட்டைகளோ அசையா. அவற்றின் உறை மருந்தை உள்ளே விடுவதில்லை. வெதுவெதுப்பான தொட்டிநீரில் அவை பொரிப்பதற்கு ஒரு கிழமைக்கு மேற் செல்லும். நீர் குளிர்ந்திருந்தால் மேலும் நாட்பிடிக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் நிலையை அடைய மேலும் சில கிழமைகள் வேண்டும்.

இவ்வுண்மையை அறிந்தவர் ஒருமுறை முழுக்காட்டி நிறைவடையார். கிழமைக்கொருமுறையாக ஆறு முறையேனும் முழுக்காட்டுவர். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு, தான் முட்டையிடும் பருவத்தை எட்டுமுன் அடுத்த முழுக்கில் அகப்படவேண்டும் என்பதே இதன் நோக்கம். முட்டைகளைக் கண்ணாற் கண்ட இடத்திற் கத்திமுனையாற் சுரண்டி நீக்குவர்; சதையற்ற அடிக்கல்லை வெட்டி எறிவர்; முருகை ஒட்டியிருந்த பீடத்தையும் மாற்றுவர். ஆறுகோட்டு மீனையும் ஒருவகைச் சிற்றிறாலையும் கொண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அவ்வுயிர்கள் இப்புழுவின் தொகையைக் குறைக்க உதவும் என்று காட்டியது. ஆயினும், அவை காவலர் மட்டுமே, முற்றாய் ஒழிப்பவையல்ல.

இப்புழுவுக்கு மான்கொம்பு முருகையன்றி வேறு உணவில்லை என்பது வளர்ப்போருக்கு வாய்த்த ஒரு நன்மை. அம்முருகைகள் அனைத்தையும் தொட்டியிலிருந்து எடுத்து வேறொரு தொட்டியில் வைத்து முழுக்காட்டி வந்தால், பழைய தொட்டியில் எஞ்சிய புழுக்களும் புதிதாய்ப் பொரிக்கும் குஞ்சுகளும் உணவின்றி மடியும். அதற்கு இரண்டு மாதமளவு பொறுத்திருப்பது பாதுகாப்பானது. ஒரு சிறு கிளையை மறதியாய் விட்டுவைத்தாலும் இம்முயற்சி பாழாகும்.

முழுக்காட்டும் பணியில் வளர்ப்பவர் தம் உடலையும் காத்தல் வேண்டும். பூப்போல விரியும் சோவாந்திட்டு எனப்படும் உயிர்களிற் சில, பாலித்தொட்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டவை. அவற்றைத் தேய்க்கும்போதும் வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணியவேண்டும். அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் இடுதல் ஒருபோதும் ஆகாது. அவ்வாறு எழுந்த ஆவியினால் வீட்டிலுள்ளோர் நோயுற்று வைத்தியசாலைக்குச் சென்ற நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன.

இத்துணை இடரும் வாராமற் காக்கும் வழி ஒன்று உண்டு. அது புதியதைத் தனியே வைத்தல். கடையிலிருந்தோ நண்பரிடமிருந்தோ பெற்ற எந்த முருகையையும் நேரே தொட்டியில் வைக்காமல், சிறிய வேறொரு தொட்டியில் ஆறு கிழமையேனும் வைத்து, முழுக்காட்டி, பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து, பின்னரே உள்ளே விடுதல் வேண்டும். தனித் தொட்டிக்கு ஆடம்பரம் வேண்டியதில்லை. ஒரு விளக்கும், ஒரு சிறு பம்பியும், நீரின் வெப்பத்தை நிலைநிறுத்தும் ஏற்பாடும் போதும். அங்கே பயன்படுத்திய குழாயையும் வாளியையும் பெரிய தொட்டியிற் பயன்படுத்தாதிருப்பதும் முக்கியம். நண்பர் அன்போடு தந்த கிளையைச் சந்தேகிப்பது முறையா என்று சிலர் தயங்குவர். நண்பரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவர் தொட்டியில் அவர் கண்ணுக்கும் புலப்படாதிருக்கும் முட்டையைச் சந்தேகித்தால் போதும்.

இழுத்தெடுத்த புழுவையும் நீரையும் என் செய்வது என்னும் வினாவும் எழும். கடற்கரை அருகிருக்கின்றதென்று அங்கே கொண்டுபோய் ஊற்றுதல் பெருந்தவறு. எந்நாட்டுக் கடலிலிருந்தோ வந்த புழுவும் பாசியும் நோய்க்கிருமியும் அதனோடு செல்லும். வாளியிலுள்ளவற்றை நன்னீரும் வெளிறச்செய்யும் தூளும் கலந்து ஒரு நாள் வைத்திருந்து, அவை இறந்தமை உறுதியான பின்னரே அகற்றவேண்டும். அவ்வாறு அகற்றுவதும் கடலிலோ குளத்திலோ ஆகாது.

இவ்வளவு பாடுபட்டுச் சில முருகைக் கிளைகளைக் காப்பதனால் யாது பயன் என்று கேட்பவரும் உளர். 1998ஆம் ஆண்டிற் கடல்நீர் அளவுக்கு மீறி வெப்பமுற்றபோது, இந்து சமுத்திரமெங்கும் முருகைகள் வெளிறி மடிந்தன. இலங்கையின் இக்கடுவைக் கடலிலும் அவ்வழிவு நேர்ந்தது. ஓர் அங்குலம் வளரப் பல மாதங்கள் எடுக்கும் முருகையைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியிற் சாகவிட்டு, மீண்டும் கடலைத் தேடிப் போவது அந்த இழப்போடு மற்றுமோர் இழப்பைச் சேர்ப்பதாகும். கல்முருகைகளின் சர்வதேச வணிகம் உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே. தொட்டியில் வளர்ந்த கிளையை வெட்டி, அதனை இன்னொருவர் தொட்டியில் வளர்த்து, கடலைத் தொடாமலே முருகையைப் பெருக்குகின்ற வளர்ப்பாளர் இன்று உலகெங்கும் பெருகியிருக்கின்றனர். அந்தக் கைமாற்றத்தில் முருகையோடு புழுவும் கைமாறுமாயின் அந்நல்வழியே அடைபட்டுப் போகும்.

தட்டைப் புழுவை அடக்குவதற்கு வேண்டிய கருவிகள் எளியவை: ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மெல்லிய குழாய், ஒரு சிறு தனித் தொட்டி, நாட்களைக் குறித்துவைக்க ஒரு நாட்காட்டி. மருந்து இவற்றுக்குப் பின்னரே வருவது. பகையின் வாழ்க்கைச் சுற்றை அறிந்து, அதன் நாட்கணக்கை எண்ணி, ஒவ்வொரு கிழமையும் தவறாது செயலாற்றுபவர் தொட்டியிலே முருகை மீண்டும் நிறம் பெறும். சதை நீங்கிய வெண்கல்லின் ஓரத்திலே புதுச்சதை மெல்ல ஏறி, இழந்த இடத்தை மூடத் தொடங்கும்.